600-இல் அடங்காத கடைசிக் கட்டம்: சிக்மா 150-600, யூஎஸ்பி டாக், தனுஷ்கோடிக் கானல்

லென்ஸின் ஃபோகஸ் குறிக்கு முன்னே பின்னே விழுந்தால், சிக்மாவின் யூஎஸ்பி டாக்கில் அதை மாட்டி லேப்டாப் வழியாகத் திருத்த எண் எழுதலாம். தனுஷ்கோடிப் பறவைகளுக்காக அதைச் செய்ததில், நாலாவது தடவையில் 600 மி.மீ. வரிசை ஒருவழியாக அடங்கியது. கேமரா பாடி நிக்கான் டி500, லென்ஸ் சிக்மா 150-600 கன்டெம்பரரி. எழுதிய எண்கள், கிட்டத்திலிருந்து தூரத்துக்கு: −1, +3, +6, +9. முதல் மூன்றும் ஒரே காலையில் முடிந்துவிட்டன. அந்த +9-க்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

டாக்கில் ஜூம் லென்ஸுக்கு 16 கட்டம்: நாலு ஃபோக்கல் லெங்த், ஒவ்வொன்றுக்கும் நாலு தூரம். நிக்கான் 200-500 மாட்டியிருந்தால் டி500-இல் ஒரு லென்ஸுக்கு ஒரே ஓர் எண்தான் கொடுக்க முடியும். பத்து மீட்டரில் சரி செய்தால் எண்பது மீட்டரில் இழுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கேமராக் கம்பெனியே செய்யும் லென்ஸுக்குப் பெரும்பாலும் திருத்தமே தேவைப்படாது என்பது உண்மை. சிக்மா, டாம்ரான் போன்ற வெளிக் கம்பெனிகள் நிக்கான் மவுன்ட்டின் (லென்ஸும் பாடியும் சேரும் இணைப்பு) மொழியைத் தாங்களாகவே பிரித்துப் படித்து லென்ஸ் செய்தவர்கள், அதனால் பிசகு அவர்கள் பக்கம் அதிகம். ஆனால் பிசகைத் திருத்தும் கருவியும் அவர்களிடமே இருக்கிறது. நமக்கு வேலை, அவ்வளவுதான்.

கிட்டத்துக் கட்டங்களுக்கு வீட்டு வராண்டா போதும். சுவரில் தினசரிக் காலண்டர், அதன் பக்கத்தில் 45 டிகிரி சாய்த்து ஒரு மரஸ்கேல். பகல் வெளிச்சம் வேண்டும். எல்இடி டியூபின் கீழே பார்த்தால் ஃபோகஸ் இடம் மாறும். பாடியிலேயே இருக்கும் ஃபோகஸ் திருத்தத்தை (ஃபைன் ட்யூன்) முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு திருத்தமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஓஎஸ் (ஆட்டம் தடுக்கும் வசதி) ஆஃப், எஃப் 6.3, இரண்டு விநாடி டைமர். முதலில் லைவ் வியூவில் (பின்திரையில், பட சென்சாரே பார்த்து) ஃபோகஸ் செய்து ஒரு படம், அதுதான் அளவுகோல். பிறகு வ்யூஃபைண்டரில் பத்துப் படம். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுக்க வேண்டும்: ஐந்து கிட்டத்திலிருந்து, ஐந்து தூரத்திலிருந்து. பத்து மீட்டரில் 600-க்குத் தெளிவாக விழும் ஆழமே ஏறக்குறைய ஏழு செ.மீ., 2.8 மீட்டரில் அரை செ.மீ. ஸ்கேலில் கோடு எண்ணியே சொல்லிவிடலாம்.

தூரத்துக் கட்டம்தான் வம்பு. டாக்கில் ‘இன்ஃபினிட்டி’ என்று போட்டிருப்பதை நம்பி ராமேஸ்வரம் டிவி டவரைக் குறிவைத்தது முதல் தப்பு. 600-இல், எஃப் 6.3-இல் நிஜ இன்ஃபினிட்டி கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டருக்கு அப்பால். பூநாரை நிற்பது 80, 100 மீட்டரில். அங்கே ஆழம் நாலரை முதல் ஏழு மீட்டர். டவருக்குச் சரியான எண் அங்கே சரியாக இருக்கும் என்று யார் சொன்னது? பறவை நிற்கும் தூரத்திலேயே பார்த்து அந்தக் கட்டத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது தப்பு கானல். ஒன்பது மணிக்கு மேல் +4 வரும், அடுத்த பத்துப் படத்தில் +13 வரும். சூடான மணல்மேல் காற்று நெளிவதால் ஃபோகஸ் சென்சாரே எதைப் பிடிப்பதென்று தெரியாமல் திண்டாடுகிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் ‘சிக்மா சாஃப்ட்’ என்று லென்ஸை விற்கிறார்கள். அந்த நேரத்தில் எந்தக் கம்பெனி லென்ஸும் அப்படித்தான் எடுக்கும். தனுஷ்கோடிச் செக்போஸ்டில் காலையில் விட்டதும் போய், ஏழரைக்குள் முடிக்க வேண்டும். தார்ச்சாலைக்குக் குறுக்கே குறிபார்க்காதீர்கள். ஏசி காரின் கண்ணாடியை இறக்கிக் கொண்டு பார்ப்பதும் வேண்டாம், ஜன்னலிலேயே கானல் உண்டாகும். ஹுட்டைக் கழற்றிப் பாருங்கள், அதற்குள் தேங்கும் சூடும் படத்தைக் கெடுக்கும்.

இலக்குக்குப் பழைய தேவாலயச் சுவரைவிட நல்லது கிடைக்காது. பவளக்கல்லின் ஓட்டைகள்மேல் காலை வெயில் சாய்வாக விழும்போது ஃபோகஸ் ஒரே பிடியில் நிற்கிறது. டிரைபாட் கால் மணலில் இறங்காமலிருக்கக் கொட்டாங்கச்சி மூன்றைக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் லென்ஸைக் கழற்றி டாக்கில் மாட்டி எழுத வேண்டும் என்பதால் லேப்டாப்போடு காரில் உட்கார்ந்தேதான் மாற்ற வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் இதைத் தொடங்கவே வேண்டாம், கழற்றிய பாடிக்குள் மணல் போகும்.

கம்பெனியா வெளியா என்ற கேள்வியை இந்தக் கரையில் உப்புதான் தீர்மானிக்கிறது. சிக்மாவும் 150-லிருந்து 600-க்கு நீள்கிறது, நிக்கான் 200-500-உம் நீள்கிறது. நீளும் குழல் ஒவ்வொரு தடவையும் காற்றை உள்ளே இழுக்கும். சிக்மா கன்டெம்பரரிக்கு மவுன்ட்டில் மட்டும்தான் ரப்பர். எடுத்து முடித்ததும் லென்ஸைச் சுருக்கிவிடாதீர்கள். 600-இல் நீட்டியபடியே முதலில் ப்ளோயர், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித்துணி, பிறகு காய்ந்த துணி, அதற்குப் பிறகே சுருக்க வேண்டும். துடைக்காமல் சுருக்கினால் உப்பும் மணலும் சேர்ந்து உள்ளே போய் ஜூம் ‘கரகர’ என்று அரைக்கும்.

ஈரம் உறிஞ்சப் பெட்டியில் போடும் சிலிக்கா ஜெல் நீலநிற வகை என்றால், அதை உலர்த்தச் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், அதில் கோபால்ட் இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். 95 மி.மீ. ஃபில்டர் ராமநாதபுரத்தில் கேட்டால் சிரிக்கிறார்கள், மதுரையிலும் சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டும். அங்கே ஒரு கடையில் ‘சிக்மாவுக்கே செய்தது’ என்று தந்த, டிரைபாட் தலையில் பூட்டும் ஆர்க்கா பிளேட்டின் திருகு லென்ஸின் காலில் ஏறவே இல்லை. டாம்ரான் 150-600 ஜி2-வில் இந்தத் தொல்லையே கிடையாது, காலே ஆர்க்கா வடிவில் வருகிறது. செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள், கடலோர லென்ஸில் ஃபங்கஸ் இல்லாமலிருந்தால் அதிசயம்.

அடுத்து மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. அங்கே சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் இந்த டாக் வேலை ஒழியும். சோனி 200-600 ஜூம் செய்தாலும் நீளாது. கம்பெனிப் பெயருக்கு இல்லாவிட்டாலும் அதற்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம். சிக்மா சோனிக்கென்று செய்யும் இ மவுன்ட் 150-600 நீளும், ஆனால் உடம்பெல்லாம் சீல் போட்டது. வெளி லென்ஸுக்கு விநாடிக்கு 15 படம் என்று சோனி கட்டிவைத்திருப்பதும், டெலிகன்வர்ட்டர் (ஃபோக்கல் லெங்த்தைக் கூட்டும் இடைத்துண்டு) போட விடாததும் ஆலா பாய்வதை எடுப்பவர்களுக்கு இடிக்கும்; சக்கரக்கோட்டைக் கண்மாயில் கூழைக்கடா எடுக்க அது ஒரு குறையே இல்லை.

அதற்கு முன் இதை முடிக்க வேண்டும். 400 வரிசையில் இன்னும் இரண்டு கட்டம் சுழியத்திலேயே கிடக்கிறது. 150-ஐ தொடப்போவதில்லை, அதில் யார் பறவை எடுக்கிறார்கள்?