தொடலாம்

கொழும்பு தேசிய நூதனசாலைக்கு எங்கட ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. கொட்டாஞ்சேனைப் பள்ளிப் பிள்ளைகள், வெள்ளவத்தையில் ஓய்வூதியத்தில் இருப்பவர்கள், மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் பொடியன்கள். 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் கால் வைத்ததுமே எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். கோயிலில்கூட இவ்வளவு அடக்கமாக நிற்க மாட்டார்கள்.

மும்மொழிக் கல்வெட்டின் முன்னால்தான் நான் அதிகம் பேசுவேன். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல், அதிலுள்ள ஆண்டு 1409. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனைக் கோயில் தெய்வமான தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "கேள்வி ஏதும் இருக்கா?" என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருமுறை ஒரு பொடியன் மட்டும் கேட்டான்: "மிஸ், சாப்பாடு எத்தனை மணிக்கு?"

வினாத்தாள் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் விளக்க அட்டைகளைப் பார்த்து விடை எழுதினார்கள். பொருட்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அது முழுக்க என் பிழை.

பிறகு, வேறொரு இடத்தில் நாங்களே ஒரு சிறிய கண்காட்சி வைத்தோம். பழைய வீட்டுப் பாவனைப் பொருட்கள். ஒரு மேசைக்கு மட்டும் கண்ணாடி போடாமல், "தொடலாம்" என்று பெரிதாக எழுதி வைத்தேன். முதல் நாள் முழுக்க ஒருவரும் தொடவில்லை. எழுதியிருந்தாலும் நம்ப வேண்டுமே!

இரண்டாம் நாள் ஒரு அம்மா மேசையருகே நின்று அட்டையை வாசித்தார். 'பித்தளை நீர்ப் பாத்திரம், யாழ்ப்பாணம்.' எழுதியது நான்தான், ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து.

"ஆர் பிள்ளை இதை எழுதினது? மூக்குப்பேணியெண்டு சொல்லத் தெரியாதே?"

சொல்லிக்கொண்டே பேணியைத் தூக்கி, தலையைச் சாய்த்து, உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் விதத்தை வெறும் பேணியிலேயே காட்டினார். பத்து நிமிடத்தில் மேசையைச் சுற்றி ஆறேழு பேர். புளி போட்டு மினுக்கின கதை ஒருவருக்கு. 1995இல் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது வீட்டோடு விட்டுவந்த பேணி இன்னொருவருக்கு. எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, சனம் தானாகப் பேசுகிறது!

"வாய் படாமக் குடிக்கிறது எவ்வளவு சுத்தம்," என்றார் அந்த அம்மா.

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "எங்களுக்கு அதுவும் இல்லையக்கா. தேங்காய்ச் சிரட்டையிலதான் வார்ப்பினம்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் மேசையைச் சுற்றி நின்றவர்கள் கப்சிப். சாதியைக் காட்டிக் கடையிலோ கோயிலிலோ ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று சட்டம் வந்தது 1957இல். அந்தப் பெரியவருடைய வயதைப் பார்த்தால் அவர் பள்ளிக்கூடம் போன காலம் அதற்குப் பிறகுதான். என் கால் அடுத்த மேசைப் பக்கம் திரும்பிவிட்டது. "வாங்கோ, இங்கால உரல் இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தும்விட்டேன்.

அந்த அம்மா பேணியை மெல்லக் கீழே வைத்தார். "ஓம். எங்கட வீட்டுக் கிணத்தடியிலும் ஒரு சிரட்டை செருகிக் கிடந்தது," என்றார், ஒருவரையும் பாராமல். "எந்த ஊர்?" என்று பெரியவர் கேட்டார். பக்கத்துப் பக்கத்து ஊர். மூடும் நேரம்வரை இருவரும் வாங்கில் இருந்து கதைத்தார்கள். நான் கிட்டப் போகவில்லை.

அட்டையை மாற்றப் போனபோது எங்களுக்குள்ளேயே இழுபறி. ஊர்க் கதையெல்லாம் எழுதினால் வம்பு வரும் என்றார்கள். வரத்தான் செய்யும். சனத்தைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, இனிப்பான கதைக்கு மட்டும் காது கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூக்குப்பேணி என்று பெயரைத் திருத்தினேன். அடுத்த கிழமை அந்தப் பெரியவர் பேரனோடு வந்தபோது ஒரு வெற்று அட்டையையும் பேனையையும் நீட்டினேன். கனநேரம் யோசித்து, 'சிரட்டை. தண்ணி குடிக்க' என்று மட்டும் எழுதினார்.

பொருளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கன்ரீன் குசினியில் சம்பலுக்குத் திருவின சிரட்டை கிடந்தது.