நிலக்காட்சிக்கு 85 மிமீ

நிலக்காட்சிப் படம் என்றாலே அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸ்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கோத்தகிரி பக்கம் கோடநாடு காட்சிமுனையில் நின்று பாருங்கள். 24 மிமீ வைட் லென்ஸில் பாதிப் படம் வெறும் வானம், கீழே ஓடும் மாயாறு எங்கே என்று தேட வேண்டும். தூரத்தைக் கிட்டே இழுக்கும் 85 மிமீயில் அந்த ஆற்று வளைவுக்கு ஒரு உருவம் வரும்.

70-200 மிமீ எஃப்/2.8 ஜூம் அருமையான லென்ஸ்தான், ஆனால் ஒன்றரைக் கிலோவைச் சுமக்க வேண்டும். நிக்கான் 85 எஃப்/1.8ஜி வெறும் 350 கிராம். எஃப் எண் என்பது லென்ஸின் துளை அளவு, எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். நமக்கு வேண்டியது எஃப்/5.6, எஃப்/8. அதில் மூலைவரை இலை இலையாகத் தெரியும். எஃப்/16 போனால் கூர்மை மழுங்கத் தொடங்கும்.

வாங்கும் முன் ஒரு தூரத்துப் பெயர்ப்பலகையைப் படத்தின் ஒவ்வொரு மூலையிலும் வருமாறு நான்கு படங்கள் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் வேறு பீஸ் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அப்புறம், காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிக் காற்று அலையத் தொடங்கிவிட்டால் எந்த லென்ஸும் கைகொடுக்காது.