சிலந்திப்பேன் தலைப்பு எடுத்தவர்களுக்கு

மதுரை வேளாண் கல்லூரியில் பூச்சியியல் முதுகலை சேர்ந்திருக்கும் சிலர், பூச்சிமருந்து எச்சமும் சிலந்திப்பேனும் என்ற பக்கம் ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னார்கள். சிலந்திப்பேன் என்பது இலையின் அடிப்பக்கம் இருந்து சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உயிர்; எச்சம் என்பது அடித்த மருந்து இலையில் காய்ந்து தங்குவது. நல்ல தலைப்புதான். ஆனால் செத்ததை மட்டும் எண்ணிவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்துக் காய்ந்த இலையில் பேனை விட்டுப் பாருங்கள். பல நேரம் அது சாகாது, நடக்கும். ஓரிடத்தில் நின்று சாறு உறிஞ்சாமல் இலை ஓரம் வரை போகும், திரும்பும், நூல் விட்டுத் தொங்கும். வயலில் இப்படிக் கிளம்பும் பேன் மருந்து படாத இலையில் போய் முட்டையிடும். அதைத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்களும் பொறிவண்டுகளும் அதற்குள் மருந்தில் காலி. ‘காய்ப்புழுவுக்கு அடிச்சேன், சிலந்தி ஏறிப்போச்சு’ என்று கத்தரி போட்டவர்கள் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சோதிக்க, ஈரப்பஞ்சின் மேல் இலையின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். நடு நரம்புதான் எல்லை. ஒரு பாதியில் மருந்து, மறுபாதியில் ஒட்டும் திரவம் கலந்த வெறும் தண்ணீர். நன்றாகக் காய்ந்த பிறகு பெண் பேன்களை மெல்லிய பிரஷால் நரம்பின் மேல் விடுங்கள். எந்தப் பாதியில் எத்தனை நிற்கிறது, முட்டை எங்கே, பஞ்சுக்கு ஓடி மூழ்கியது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். மூழ்கியதைச் சாவுக் கணக்கில் சேர்த்தால், மருந்து இருப்பதைவிடப் பெரிய ஆளாகத் தெரியும்.

வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் அதுவே பேனை இழுக்கும். மருந்துப் பாதியை இடம் மாற்றி மாற்றி வையுங்கள். அப்புறம் நம்ம ஊர் சித்திரை வெயில். பஞ்சு காய்ந்து இலை சுருண்டால் பேன் அதற்காகவும் ஓடும். இரு பாதியும் தண்ணீர் மட்டும் பட்ட இலைகள் கூடவே இருந்தால்தான் இது பிடிபடும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விரட்டலுக்கும் எரிச்சலூட்டலுக்கும் வித்தியாசம் கேட்பார்கள். தொடாமலே விலகினால் முதலாவது, தொட்ட பிறகு ஓடினால் இரண்டாவது. 1925-இல் வந்த அபாட் சூத்திரம் மருந்தில்லாமல் தானாகச் செத்ததைக் கழித்துச் சாவு விகிதத்தைத் திருத்தத்தான். இடம்பெயர்வுக் கணக்கில் அதைப் போடாதீர்கள். ஒரே இலையின் இரு பாதிகள் என்பதால் ஜோடி ஒப்பீட்டுச் சோதனைதான் சரி.