இருந்து சாப்பிடும் வொரியர்

2024 நவம்பர் 22, வெள்ளி

விடிய நாலரைக்கு சேர்வர் திறந்தது. அமெரிக்காவில் அது வியாழன் பின்னேரம். வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்தில் அன்றைய முதல் ரயில் கத்தும் நேரம். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு வெளிவந்தது 2004 நவம்பர் 23இல். இருபது வருடம் ஆனதைச் சாட்டி, பழைய விளையாட்டை முதல் லெவலில் இருந்து எல்லோரும் திரும்பத் தொடங்கும்படி புது சேர்வர்கள் வந்திருக்கின்றன.

தேத்தண்ணி வைக்க எழும்பிய அம்மா என் அறையில் வெளிச்சம் கண்டு எட்டிப் பார்த்தார். "ஓநாய் அடிக்கவோ இந்தச் சாமத்தில எழும்பினனீ?" ஓம் என்றேன். நாற்பதைத் தாண்டியவனிடம் அதற்குமேல் என்ன கேட்பது, போய்விட்டார்.

எடுத்தது மனித வொரியர், வாள் பிடிக்கும் போர்வீரன். தனியாக லெவல் ஏற்றுவதற்கு ஒன்பது கிளாஸிலும், அதாவது ஆள் வகையிலும், மோசமானது இதுதான் என்று விளையாடுகிற எவரும் சொல்வார்கள். தெரிந்துதான் எடுத்தேன். 2006இல் காலி வீதியில் ஒரு நெற் கஃபே இருந்தது, மணிக்கு 60 ரூபா. ஸ்கார்பரோவில் இருந்து மச்சான் விளையாட்டுக்குக் காசு கட்டும் கார்ட் நம்பர் அனுப்புவான். அப்போதும் வொரியர்தான். 27ஆம் லெவலில் விட்டுவிட்டேன். கார்ட் முடிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை என்னவென்றால், கஃபேயில் காசு வாங்கும் மேசையில் இருந்த நண்பன் என்னோடு ஒரே நாளில் ஹண்டர் என்ற வேட்டைக்காரனைத் தொடங்கி, நான் 27இல் நிற்கும்போது 40ஐத் தாண்டியிருந்தான். அவனுக்குக் கை வேகம், எனக்கு இல்லை என்று பதினெட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கை வேகமா, கிளாஸா? இந்த முறை கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிடுவது.

நவம்பர் 24, ஞாயிறு

லெவல் 9. மத்தியானம் அக்காவின் மகன் வந்தான். என் தோளுக்கு மேலால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, உங்கட ஆள் அடிக்கிற நேரத்தைவிட இருந்து சாப்பிடுற நேரம்தான் கூட."

பெடியன் சொன்னது சரி. எண்ணிப் பார்த்தேன். கொபோல்ட் என்ற குட்டிப் பூதம் ஒன்றை வீழ்த்த அரை நிமிடம், பிறகு நிலத்தில் இருந்து பாணும் இறைச்சியும் சாப்பிட இருபது செக்கன். இரண்டு கொபோல்ட் ஒன்றாக வந்தால் சாப்பாடே தேவையில்லை, செத்து, சுடுகாட்டில் இருந்து ஓடி வரவேண்டும்.

இந்த விளையாட்டில் எக்ஸ்பீ, அதாவது லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளி, அட்டவணை எல்லாக் கிளாஸுக்கும் ஒன்றுதான். முதல் லெவலைத் தாண்ட 400, கடைசியில் 59இல் இருந்து 60க்கு 209,800. வொரியருக்கு ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம் லெவலிலேயே உள்ள ஓர் எதிரியைக் கொன்றால் கிடைப்பதும் ஒன்றுதான்: லெவலை ஐந்தால் பெருக்கி 45ஐக் கூட்டு. 10ஆம் லெவலில் 95. அப்படியானால் வித்தியாசம் இரண்டு சண்டைக்கு நடுவில் இருக்கிறது. மேஜ் என்ற மந்திரவாதி நிறைகுடத்தோடு சண்டைக்குப் போகிறான், வொரியர் வெறுங்குடத்தோடு. ரேஜ் என்கிற அந்தச் சக்திக் குடம் அடித்தாலும் அடிபட்டாலும்தான் நிறையும். 4ஆம் லெவலில் வரும் சார்ஜ் என்ற பாய்ச்சல் கொஞ்சம் ஊற்றிவிடும், அவ்வளவுதான். அடி விழுவது வாளின் தரத்தைப் பொறுத்தது, நல்ல வாள் வாங்கக் காசில்லை, காசுக்கு எதிரியைக் கொல்லவேண்டும். தன்னைத்தானே குணமாக்கும் மந்திரமும் கிடையாது. லினன் துணிக்கட்டு ஒன்று 66 உயிர் தரும், அதையும் நிமிடத்துக்கு ஒரு தரம்தான் கட்டலாம்.

நவம்பர் 27, புதன்

மழை விடவில்லை. உயர்தரப் பரீட்சையை மூன்று நாளைக்குத் தள்ளிவிட்டார்கள். மேல்மாடிப் பிள்ளை திங்கட்கிழமைதான் எழுதத் தொடங்கியது, பாவம், படித்ததையே திரும்பப் படிக்கும் சத்தம் கேட்கிறது.

இரவு மச்சான் எடுத்தான். வொரியர் கஷ்டம் என்று நான் புலம்ப, சிரித்தான். "டேய், உனக்குக் கஷ்டம் எண்டா என்னெண்டு தெரியுமோ? நான் ட்ரோல் ஷடோ நைற்."

அவன் சொன்னது எவர்குவெஸ்ட் என்ற இன்னொரு இணைய விளையாட்டை, 1999 மார்ச்சில் வெளிவந்தது. அவன் கனடா போன புதிதில் நண்பன் வீட்டு நிலவறையில் விளையாடியது. அதில் கஷ்டம் அட்டவணையிலேயே எழுதப்பட்டிருந்தது. வாளும் மந்திரமும் கலந்த கிளாஸ்களுக்கு, அதாவது பலடின், ஷடோ நைற், ரேஞ்சர், பார்ட் நான்குக்கும் 40 வீதம் கூடுதல் எக்ஸ்பீ வேண்டும். ட்ரோல் என்ற பூத இனத்தில் பிறந்தால் இன்னொரு 20 வீதம். இரண்டும் கூட்டல் இல்லை, பெருக்கல்: 1.4 தர 1.2. மனித வொரியர் நூறு பன்றி கொல்லும் இடத்தில் மச்சான் 168 கொல்லவேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன். அவன் திருத்தினான்: வொரியருக்கு நூறு இல்லை, 10 வீதம் கழிவு உண்டு.

செத்தால் சேர்த்த எக்ஸ்பீயும் போகும், லெவலே இறங்கவும் கூடும். உடுப்பு, வாள் எல்லாம் பிணத்தோடு கிடக்கும், வெறும் மேலோடு ஓடிப்போய் எடுக்கவேண்டும். மூன்று மணிக்கு வேலைக்குப் போகவேண்டிய ஒரு நாளில் தன் பிணத்தைத் தேடிக்கொண்டிருந்து வேலைக்கே போகவில்லை என்றான். அதைப் பெருமையாகத்தான் சொன்னான்.

ஏன் இப்படி ஓர் அநியாயம்? இதன் தாய்வேர் கொம்பியூட்டரில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் பழைய விதிப் புத்தகங்களில் ஒவ்வொரு கிளாஸுக்கும் வேறு வேறு அட்டவணை. இரண்டாம் லெவலுக்குக் கள்ளனுக்கு 1,250 போதும், போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. பின்னுக்குப் பலமாகப் போகிறவன் முன்னுக்குக் கூடக் கட்டட்டும் என்ற கணக்கு. மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்து ஆடும்போது அது பெரிதாக உறைக்காது, எல்லோரும் ஒன்றாகத்தானே போகிறார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லோருக்கும் ஒரே அட்டவணை ஆக்கிவிட்டது. எவர்குவெஸ்டும் பிறகு அந்தக் கிளாஸ் தண்டத்தை எடுத்துவிட்டது.

மச்சான் சொன்னதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. 10 வீதம் கழிவு கிடைத்த அந்த வொரியர் தனியாக ஓர் எதிரியோடு மல்லுக்கட்ட முடியாமல், யாராவது கூட்டத்தில் சேர்ப்பார்களா என்று மணிக்கணக்காகக் கத்திக்கொண்டு நிற்பானாம். 10 வீதம் கூடக் கட்டிய நெக்ரோமான்சர் என்ற பிண மந்திரவாதி எலும்புக்கூடு ஒன்றை முன்னுக்கு விட்டு, தனியாகவே ஏறிப் போய்விடுவானாம். அட்டவணையை மட்டும் பார்த்தால் எதுவும் விளங்காது.

டிசம்பர் 1, ஞாயிறு

வொரியர் 15. முதல் பத்துக்கு 5 மணி 10 நிமிடம், 10இல் இருந்து 15க்கு 5 மணி 50 நிமிடம், சாவு 11. பாதிச் சாவு வெஸ்ட்ஃபோல் என்ற பகுதியில், தூர நின்று நெருப்பு எறியும் டிஃபையாஸ் கொள்ளையரிடம். கொழும்பில் இருந்து என் பிங், அதாவது சேர்வருக்குப் போய்வரும் தாமதம், 200 மில்லிசெக்கனைச் சுற்றி நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும், ஆனால் 11க்கும் அதைச் சாட்ட முடியாது.

இனி ஹண்டர்.

டிசம்பர் 7, சனி

குள்ள ஹண்டர், லெவல் 15. முதல் பத்துக்கு 5 மணி. வொரியருக்கும் இவனுக்கும் பத்து நிமிடம்தான் வித்தியாசம்! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. 10ஆம் லெவல் வரை இவனிடம் கூடச் சண்டைபிடிக்கும் மிருகம் இல்லை. எதிரி கிட்ட வந்ததும் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கோடரியால் கொத்தவேண்டும், இவனும் இருந்து சாப்பிடுகிறான், அதற்குமேல் குண்டு வாங்கும் செலவு வேறு.

பத்தில் கரடி வந்தது. அன்றோடு கதை மாறிவிட்டது. கரடி அடி வாங்கும், நான் சுடுவேன். ஒரு சண்டை முடியுமுன் அடுத்ததைக் கரடிக்குக் காட்டுவேன். 10இல் இருந்து 15க்கு 3 மணி 50 நிமிடம், சாவு மூன்று, மூன்றும் என் அவசரம். ஒரு கையால் பிளேன்ரீ குடித்துக்கொண்டே லெவல் ஏறினேன் என்றால் மிகையில்லை.

அப்போ கிளாஸ்தான், கை வேகம் இல்லை. மனதுக்கு ஆறுதலாக இருந்தது, மறைக்கவில்லை.

ஆனால் பழைய விளையாட்டுகளின் வேடிக்கை, கஷ்டமான கிளாஸுக்கெல்லாம் ஒரு கள்ளப் பாதை இருந்ததுதான். இதே விளையாட்டில் பிரீஸ்ட் என்ற குணமாக்கும் பூசாரி மந்திரத்தைச் சேமித்துவிட்டு மந்திரக்கோலால் சுட்டுக்கொண்டே பாதித் தூரம் போவார். வோர்லொக்குக்கும் பலடினுக்கும் 40இல் குதிரை ஏறக்குறைய இலவசம், மற்றவர்கள் தங்கக்காசு எண்ணிக்கொண்டு நடக்கவேண்டும். கஃபேயில் இரண்டு பேர் ரக்னரொக் என்ற இன்னொரு இணைய விளையாட்டு விளையாடினார்கள். அதில் அக்கோலைட் என்ற கிளாஸின் அடி கொசுக்கடிதான், ஆனால் குணமாக்கும் ஹீல் மந்திரத்தைப் பிணப் பேய்கள்மேல் போட்டால் அது அவற்றைச் சுடும். அதைக் கண்டுபிடித்த நாளில் அந்தப் பெடியன் கதிரையில் இருந்து துள்ளி எழும்பியது இன்றும் நினைவில் இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

மருமகன் தன் மடிக்கணினியோடு வந்தான். அவன் விளையாடுவது ஃபைனல் ஃபான்டஸி 14. அதில் 70ஆம் லெவல் வரை காசு கட்டாமல் விளையாடலாம், நாள் கணக்கும் இல்லை. நான் மாதம் 15 டொலர், ஏறக்குறைய 4,400 ரூபா கட்டுகிறேன் என்று கேட்டதும் அவன் பார்த்த பார்வை அக்காவின் அதே பார்வை.

அதில் ஓர் ஆளே எல்லாக் கிளாஸும் ஆகலாம். கையில் இருக்கும் ஆயுதத்தை மாற்றினால் போதும், வாள் என்றால் வீரன், கோல் என்றால் குணமாக்குபவன். ஒன்றை ஏற்றிவிட்டால் மற்றவற்றுக்கு எக்ஸ்பீ கூடத் தருகிறார்கள். "அப்ப ஒரு கிளாஸும் கஷ்டம் இல்லையோ?" என்றேன்.

"அடிக்கிறதில ஒண்டும் கஷ்டம் இல்ல மாமா. கியூதான்."

விளங்கப்படுத்தினான். நாலு பேர் குகைக்கு அடி தாங்குபவர் ஒருவர், குணமாக்குபவர் ஒருவர், அடிப்பவர் இருவர் வேண்டும். எல்லோருக்கும் அடிக்கத்தான் ஆசை. அதனால் அடி தாங்குபவர் பொத்தானை அமத்தியதும் கதவு திறக்கும், அடிப்பவர் காத்திருக்கவேண்டும். எவர்குவெஸ்டில் கூட்டம் தேடிக் கத்திக்கொண்டு நின்ற வொரியர் இங்கே ராஜா. காத்திருப்பு ஒழியவில்லை, ஆளை மாற்றிக்கொண்டது. கியூவில் நின்ற பதினெட்டு நிமிடமும் பெடியன் போனில் வேறு விளையாட்டு விளையாடினான்.

டிசம்பர் 14, சனி, உந்துவப் போயா

லீவு. இன்றைய வோர்கிராஃப்டில் புது வொரியரும் புது ஹண்டரும் போட்டுப் பார்த்தேன், அதே மாதக் காசுக்குள் அதுவும் அடக்கம். 2020இல் கொண்டுவந்த எக்ஸைல்ஸ் ரீச் என்ற தீவில் தொடங்குகிறது. 10ஆம் லெவல் வரை வொரியருக்கு 1 மணி 15 நிமிடம், ஹண்டருக்கு 1 மணி 10. ஒரு தரமும் சாகவில்லை. ஹண்டர் பிறக்கும்போதே மிருகத்தோடு பிறக்கிறான். வொரியருக்கு 5ஆம் லெவலிலேயே விக்டரி ரஷ், ஓர் எதிரி விழுந்ததும் அடுத்தவனுக்கு ஓர் அடி, உயிரில் ஒரு பங்கு திரும்பி வரும். சாப்பாட்டுப் பை திறக்கப்படாமலே கிடந்தது.

இது நியாயம். எந்தக் கிளாஸ் எடுத்தாலும் ஒரே நேரத்தில் போய்ச் சேரலாம், பிள்ளைகுட்டிக்காரருக்கு வேறெப்படி? 40 வீதத் தண்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் இரவு படுக்கும்போது அந்த இரண்டு பேரில் யாரை எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. பழையதில் வொரியர் செத்த 11 இடமும் வரைந்து காட்டுவேன்.

டிசம்பர் 19, வியாழன்

கஃபே நண்பன் இப்போது மெல்பேர்னில். என் அட்டவணையை அப்படியே அனுப்பி, கடைசியில் எழுதினேன்: "பார்த்தியோ, நீ வேகம் இல்லை மச்சான், உன்ர கரடிதான் வேகம்."

ஒரு மணித்தியாலம் கழித்துக் குரல் பதிவு வந்தது. முதலில் சிரிப்பு. பிறகு: "கரடியும் இல்லையடா, ஒண்டும் இல்ல. ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பூட்டினாப் பிறகு விடிய ரெண்டு மணி மட்டும் நான் உள்ளுக்கத்தான் இருந்தனான். திறப்பு என்னட்டத்தானே. நீ மணிக்கு 60 ரூபா குடுத்து விளையாடினனீ."

இரண்டு தரம் போட்டுக் கேட்டேன். கடிகாரத்தோடு இரண்டு கிழமை உட்கார்ந்தவனுக்கு இது தோன்றவே இல்லை.

வொரியர் 21. வெஸ்ட்ஃபோலில் ஒரு பிரீஸ்ட் தானாக வந்து உயிர் ஏற்றிவிட்டுப் போனார். நன்றி சொல்லுமுன் கூட்டத்தில் சேர அழைப்பு வந்தது. அவருக்கும் தனியாக ஏலாது போல. ஒன்றரை மணி நேரம் சேர்ந்து அடித்தோம், நான் ஒரு தரமும் இருந்து சாப்பிடவில்லை. நாளை எட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.