ஒன்பதாம் நம்பர் சட்டை

8 மார்ச் 2025, சனி

பெரியப்பா வீட்டில்தான் மேட்ச் பார்த்தோம். அவர் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா (முன்னாள் சிப்பாய்), ரக்பியின் ஆறு நாடுகள் போட்டி வந்துவிட்டால் கூடத்து டிவியை வேறு யாரும் தொட முடியாது. டப்ளினில் அயர்லாந்தை பிரான்ஸ் 42-27 என்று அடித்தது, ஆனாலும் வீட்டில் சந்தோஷம் இல்லை. முதல் பாதியிலேயே கேப்டன் அந்துவான் துய்போன் வெளியே போய்விட்டார். ரக்கில், அதாவது தரையில் கிடக்கும் பந்துக்காக இரண்டு அணியும் குவிந்து தள்ளும் இடத்தில், இருந்தவர் காலின் மேல் ஆள் வந்து விழுந்தது. "முட்டிடா, போச்சு" என்றார் பெரியப்பா.

9 மார்ச்

பயந்தபடியே ஆனது. வலது முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டதாம். 2018 பிப்ரவரியில் பாரிஸில் முழங்கால் போனதும் இதே அயர்லாந்து மேட்ச்சில்தான், அப்போது வயது 21. அதிலிருந்து எழுந்து வந்துதான் 2021-இல் உலகின் சிறந்த வீரர் விருது, 2022 ஆறு நாடுகள் போட்டியில் கேப்டனாக ஐந்துக்கு ஐந்து வெற்றி. 2023 உலகக்கோப்பையில் நமீபியாவுடன் ஆடும்போது கன்ன எலும்பு உடைந்தது, ஒரு மாதம் முடிவதற்குள் தலையில் கவசத் தொப்பியோடு தென்னாப்பிரிக்காவுக்கு எதிரே நின்றார், ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம். அப்புறம் 2024-இல் ஆறு நாடுகள் போட்டியையே விட்டுவிட்டு அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பி ஆடப் போய், பாரிஸ் ஒலிம்பிக் ஃபைனலில் 7-7 என்று இருந்தபோது உள்ளே இறங்கி, ஃபிஜியை 28-7 என்று முடித்துத் தங்கம் வாங்கினார். இவ்வளவையும் செய்தவருக்கு மறுபடி அதே அடி. மனசே ஆறவில்லை.

11 மார்ச்

வீராம்பட்டினம் மணலில் பயிற்சி. புதிதாக வந்த பையன் கேட்டான்: "ஸ்க்ரம்-ஹாஃபுக்கு என்னண்ணா வேலை, பாஸ் போடறதுதானே?"

ஆமாம், துய்போன் மாதிரி ஒன்பதாம் நம்பர் சட்டை போடும் ஸ்க்ரம்-ஹாஃபுக்கு பாஸ்தான் வேலை. ஆனால் பந்து ஆட்களின் குவியலுக்கு அடியில் கிடக்கும், நடுவர் குரல் கொடுத்தால் ஐந்து விநாடிக்குள் எடுத்தாக வேண்டும். பந்தைத் தூக்கி, கையைப் பின்னால் கொண்டுபோய் வீசினால் அதற்குள் எதிரணி ஏறி வந்துவிடும். அதனால் குனிந்த வாக்கில், தரையிலிருந்தே, பின்காலில் எடையை வைத்து ஒரே இழுப்பில் சுழற்றிவிட வேண்டும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி. துய்போன் உயரம் 174 சென்டிமீட்டர்தான், குனியும் நேரம் அவருக்கு மிச்சம் என்று நினைப்பேன். அதைவிடப் பெரிய விஷயம், பாஸ் போட்டதும் அவர் நிற்கமாட்டார். பந்துக்கு உள்பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பார், முன்னால் போனவன் மாட்டிக்கொண்டால் பந்து திரும்பி இவர் கைக்குத்தான் வரும். அவருடைய பல ட்ரைகள் (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் பாயிண்டுகள்) அப்படி வந்தவை. பையனை அந்த ஓட்டத்தை மட்டும் இருட்டும்வரை ஓடவைத்தேன்.

16 மார்ச்

நடு ராத்திரி மேட்ச், ஸ்காட்லாந்தை 35-16 என்று ஜெயித்துக் கோப்பை பிரான்ஸுக்கு. ஒன்பதில் மக்சிம் லுய்கு நன்றாகவே ஆடினார், குறை சொல்ல ஒன்றுமில்லை.

30 நவம்பர்

டித்வா புயல் மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. துய்போன் வந்தே விட்டார்! நேற்று ராத்திரி தன் கிளப்பான துலூஸ் அணிக்காக, ரேசிங் 92-க்கு எதிரே, மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். செய்தியைப் போனில் படித்துச் சொன்னதும் பெரியப்பா இரண்டு தரம் திரும்பப் படிக்கச் சொன்னார். அடுத்த உலகக்கோப்பை 2027-இல் ஆஸ்திரேலியாவில், அப்போது துய்போனுக்கு வயது 30. ஒன்பதாம் நம்பருக்கு அது ஒரு வயதே இல்லை, அந்தக் கோப்பையை அவர் தூக்கியே ஆகவேண்டும். மேட்ச்செல்லாம் நமக்குப் பகலில் வரும், பெரியப்பா கண் விழிக்கவும் வேண்டாம்.