எட்டுப் பக்கத்தில் வெள்ளைப் பணியாரம்

வேலை செய்துகொண்டே படிப்பதற்கான குட்டிச் செய்முறை நூல் வரிசையில் முதல் நூல், செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரம் சுடுவது பற்றியது, ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஏ4 தாள் ஒன்றை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு கொடுத்துத் திருப்பி மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் புத்தகம். தாளின் ஒரு புறம் மட்டும் அச்சடித்தால் போதும். ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டாம். முன்னும் பின்னும் அட்டைக்குப் போக உள்ளே ஆறு பக்கம். எழுத்தைப் பதினொரு பாயிண்டுக்குக் கீழே இறக்கினால் சுழிகள் அப்பிக்கொள்கின்றன. அதனால் பக்கத்துக்கு ஐம்பது சொல்தான் தாங்கும்.

காரைக்குடிப் பக்கம் பாதி வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பொங்கலுக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ வந்தால் இரண்டு நாள் தங்குவார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதினேன். செட்டிநாட்டுச் சமையலின் பெருமையெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது மிக்சி மேல் சாய்த்து வைத்துப் படிக்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான்.

அளவு சொல்வது சுலபம். ஒரு டம்ளர் பச்சரிசியை மட்டமாக அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்துக்கொள்வது. இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, உப்பு போட்டு, புளிக்கவிடாமல் உடனே ஊற்றுவது. இதெல்லாம் ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது.

மாவின் பதம்தான் இரண்டு பக்கம் கேட்டது. எழுதியதை அடுத்த வீட்டு மருமகளிடம் கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றேன். 'தோசை மாவு பதம்' என்ற வரியில் கரண்டி நின்றுவிட்டது. எந்த வீட்டுத் தோசை மாவு? அப்புறம் அவருடைய மாமியாரிடம் போனேன். "ஒண்ணு ஊத்திப் பாருப்பா, அதுவே சொல்லிடும்" என்றார் ஆச்சி. அதைத்தான் இப்போது அப்படியே எழுதியிருக்கிறேன்: முதலில் ஒன்று மட்டும் ஊற்றவும். நடுவில் உப்பி மேலே வந்தால் சரி. உப்பாமல் தட்டையாகப் பரவி எண்ணெய் குடித்தால் கொஞ்சம் அரிசி மாவு சேர்க்கவும். குண்டாகத் திரண்டால் ஒரு கை தண்ணீர் தெளித்துக் கலக்கவும். சிவக்கும் முன் எடுக்கவும்.

குறு நூலுக்கு இதுதான் உயிர் என்று நினைக்கிறேன். நிமிடக் கணக்கு அடுப்புக்கு அடுப்பு மாறும், கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மாறாது. கை எங்கே நிற்கிறதோ அங்கே பக்கத்தைச் செலவழிக்க வேண்டும். மற்ற இடத்தில் ஈவிரக்கமில்லாமல் வெட்டலாம். தொட்டுக்கொள்ளும் வரமிளகாய்ச் சட்னியை வெட்டும்போது மட்டும் மனசு கேட்கவில்லை. அதற்குத் தனிப் புத்தகமே போடுவதாக இருக்கிறேன்.

பின் அட்டையில் மாதமும் வருடமும் போடுகிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த பழைய தமிழ் நூல்களில் இப்படிப்பட்ட சின்னப் பிரசுரங்களும் உண்டு. 1994 முதல் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. துண்டுத் தாளையும் மதித்துப் பாதுகாத்தவரின் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தேதி இல்லாமல் அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நூல், செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பராமரிப்பு. அது சூளையில் சுட்ட ஓடு அல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாக்குவது. ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைத் திறப்பவர்கள் முதலில் தேடுவது ஆசிட் பாட்டிலைத்தான். ஆகவே 'ஆசிட் வேண்டாம்' என்பது உள்ளே இல்லை, அட்டையிலேயே பெரிய எழுத்தில் வருகிறது.