தட்டின் இடப்பக்கம்

இன்று காலை அப்பா தோசையின் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "சட்னி வைக்கவில்லையாம்மா?" என்று கேட்டார்.

சட்னி தட்டின் இடப்பக்கத்தில் இருந்தது.

மூளையின் வலப்பகுதியில் பக்கவாதம் தாக்கியவர்களில் பலருக்கு இப்படி நேர்கிறது. கண்ணில் குறையில்லை, கவனம்தான் இடப்பக்கம் போக மறுக்கிறது.

பிறகு டேப்லெட்டில் அன்றாடப் பயிற்சி. திரை முழுவதும் சிதறிக் கிடக்கும் எண்களில் 7-ஐ மட்டும் தொட வேண்டும். இடது ஓரத்தில் எதைத் தவறவிட்டார், எத்தனை நொடி தயங்கினார் என்பதையெல்லாம் செயலி குறித்துக்கொண்டு, அடுத்த சுற்றை அதற்கேற்ப அமைக்கிறது.

பார்சிலோனா அருகிலுள்ள குட்மன் நரம்பியல் மறுவாழ்வு மையத்தில் உருவான கணினிப் பயிற்சி முறையில், நோயாளி 65 முதல் 85 விழுக்காடு வரை சரியாகச் செய்யும் அளவுக்கே கடினம் இருக்க வேண்டும் என்று கொள்கிறார்கள். மிக எளிதானால் மூளைக்கு வேலையில்லை, மிகக் கடினமானால் மனம் சோர்ந்துவிடும். அந்த அளவு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுவதால்தான் செயற்கை நுண்ணறிவு இங்கே உண்மையாகவே கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.

ஆனால் நேற்றிரவு அப்பா உறங்கவேயில்லை என்பது செயலிக்குத் தெரியாது. மதிப்பெண் குறைந்ததும் பயிற்சியை எளிதாக்கிவிட்டது. சிகிச்சையாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். இன்றைய கணக்கை விட்டுவிட்டு நேற்றைய நிலையிலிருந்தே நாளை தொடங்கச் சொன்னார்.

இரவு, தட்டின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டி வைத்தேன். அப்பா மெல்லத் தலையைத் திருப்பி, அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்த பிறகே இட்லியைப் பிட்டார்.